சரிபாதி மண்

பெரியவனே,

இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி பாண்டிதான் எழுதுவான்; இந்த முறை என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ என்று நினைத்திருப்பாய். ராயப்பன்பட்டிப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள்தான் நான். கல்யாணமாகி வந்த பிறகு கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுத்து கோணிக்கொண்டு போனால் மருமகளிடம் காட்டிச் சிரிக்காதே. இதைப் பாண்டியை வைத்து எழுத முடியாது. அவனைப் பற்றியும் உன்னைப் பற்றியும்தான் எழுதப்போகிறேன், அதுவும் கொஞ்சம் கோபமாக.

நீ ஆவணியில் வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. உலையை வைத்துவிட்டு அரிசி களைய எழுந்தவள் அப்படியே பின்வாசல் வழியாக நம் கீழ்க்காட்டு நிலத்துக்குப் போய் நின்றுவிடுகிறேன். காடு என்று வாய் சொல்கிறது. காடு எங்கே இருக்கிறது? உங்கப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது செங்கல் சூளைக்காரருக்கு மண் எடுக்க விட்டோமே, அன்றிலிருந்து அது ஆள்மட்டப் பள்ளம். அடியில் வெள்ளையாகச் சுக்கான்பாறை தெரிகிறது. கடப்பாரையை ஓங்கிப் போட்டால் கைதான் வலிக்கிறது. ஒன்றே ஒன்றை மட்டும் நான் அன்றைக்கு விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் மேல்மண்ணை வழித்து ஓரமாக ஒதுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் சூளைக்கு வெட்ட வேண்டும், வேலை முடிந்ததும் ஒதுக்கிய மண் எங்களுக்கு வேண்டும் என்று வரப்பில் நின்று சண்டை பிடித்தேன். “மண்ணுல என்னம்மா மேல்மண்ணு கீழ்மண்ணு? எல்லாம் மண்ணுதான்” என்று சூளைக்காரர் சிரித்தார். சிரித்தாலும் ஒதுக்கி வைத்தார். பாதியைச் சூளைக்கு அள்ளிக்கொண்டு போனது போக, மீதிதான் இப்போது ஓடைக்கரையில் குவிந்து கிடக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு இனிமேல் விளைச்சல் என்று ஒன்று உண்டென்றால் அந்தக் குவியலிலிருந்துதான் வர வேண்டும்.

நீ வந்தாய். பேக்டரி டேப்பைக் கையோடு கொண்டு வந்திருந்தாய். பள்ளத்தை நீளம் அகலம் பார்த்து, நடுவில் கயிறு கட்டி, கயிற்றோரம் சுண்ணாம்பு போட்டாய். மேற்கே உனக்கு, கிழக்கே அவனுக்கு. அதில் எனக்கு ஒரு குறையுமில்லை. நிலத்தைப் பிரிக்க வேண்டியதுதான். ஆனால் அப்புறம் குவியல்மேல் ஏறி நின்றுகொண்டு, பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சத்தம் போட்டாய். “இந்த மண்ணும் சரிபாதிதான் ஆத்தா. பாதி என் பக்கம் விழுகணும். நாளைக்கு எம்புள்ள வந்து எங்கப்பனுக்கு என்ன குடுத்தீகன்னு கேட்டா ஒருத்தரும் முழிக்கக் கூடாது.” பாண்டி மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். நீ பஸ் ஏறிய பிறகு, எப்போதடா பரப்பப்போகிறாய் என்று நான் கேட்டேன். “அண்ணே ஒரு வார்த்தை சொல்லாம நான் இதுல ஒரு கூடை அள்ள மாட்டேன் ஆத்தா. பாதியும் அள்ள மாட்டேன், முழுசும் அள்ள மாட்டேன். கெடக்கட்டும்” என்றான். அன்றிலிருந்து கிடக்கிறது.

மண்தானே, கிடந்தால் என்ன கெட்டுவிடும் என்று கோயம்புத்தூர் மில்லில் இருந்துகொண்டு நினைப்பாய். கெடும் ஐயா. முந்தாநாள் மம்பட்டியால் குவியலின் இடுப்பைக் கொத்திப் பார்த்தேன். மேலே ஒரு முழத்துக்கு வேர் ஓடியிருக்கிறது, மண்புழு நெளிகிறது, கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. உள்ளே கொத்தினால் புழுங்கிய வாடை. ஊறப்போட்டு மறந்துபோன புளி மாதிரி ஒரு நெடி. புழு இல்லை, வேர் இல்லை, கட்டிகட்டியாக இருக்கிறது. குவித்து வைத்த மண்ணுக்கு மூச்சு முட்டுகிறது. இதில் ஐப்பசி மழை வேறு வரப்போகிறது. மேகமலைப் பக்கம் தினமும் பொழுது சாயும்போது கறுத்துக்கொண்டு வருகிறது, காற்று அடித்துக் கலைத்துவிடுகிறது. என்றைக்குக் கலைக்காமல் விடுகிறதோ அன்றைக்கு அந்தக் குவியல் ஓடையில் இறங்கி, ஆற்றில் கலந்து, வைகை அணைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அப்புறம் அணையில் போய்ச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளலாம் நீங்கள் இரண்டு பேரும்.

கோபத்தில் எழுதிவிட்டேன். இருக்கட்டும், அந்த வரியை அடிக்கப்போவதில்லை. உனக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். அது நடந்தபோது நீ தவழ்ந்துகொண்டிருந்தாய், பாண்டி பிறக்கவில்லை. நம் மேட்டுக்காடு இருந்ததே, இப்போது ஆடு மேய்கிற கரடாகக் கிடக்கிறதே, அது அப்போது கம்பும் துவரையும் விளைந்த நிலம். பஸ் ரோட்டை அகலம் பண்ணியபோது காண்ட்ராக்டர் அதில் சரளை எடுத்தார். எடுத்து முடித்துவிட்டு, வழித்து வைத்த மேல்மண்ணைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள் என்று குவித்துவிட்டுப் போனார். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அந்த வருஷம்தான் பாகப்பிரிவினை. அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை இல்லாத நேரம். மண்ணையும் பங்கு போட வேண்டும் என்று ஊரில் நாலு பேரைக் கூட்டி வைத்துப் பேசினார்கள். அப்பா பக்கம் ஒரு வண்டி, சித்தப்பா பக்கம் ஒரு வண்டி, மாறி மாறி. வண்டியில் மண் கோபுரமாகக் குவிந்திருக்கிறதா, தலை தட்டி மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கக் கரையில் ஆள். சித்தப்பா வீட்டுக்காரி அந்தப் பக்கம் நின்றாள், நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் நின்றேன். “ஏய், அந்த வண்டி கூடுதலா இருக்கு, தட்டிட்டுப் போ” என்று நான் போட்ட சத்தம் எனக்கே இப்போதும் காதில் விழுகிறது.

அத்தனை நியாயமாகப் பங்கு போட்டோம், ஒரு கூடை வித்தியாசம் கிடையாது. பரப்பி முடித்ததும் பார்த்தால் எங்கள் பக்கமும் ஒரு சாண்தான், அவர்கள் பக்கமும் ஒரு சாண்தான். அதற்கு அடியில் சரளைப் பாறை. கம்பு விதைத்தோம். நீ நம்ப மாட்டாய், முளைப்பு என்றால் அப்படியொரு முளைப்பு. பச்சைப்பசேலென்று இரண்டு பக்கமும் ஒன்றுபோல எழுந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, “பாத்தியா, நம்ம மண்ணு நம்மளக் கைவிடல” என்று சொல்லிக் கூடுதலாக ஒரு கை சோறு சாப்பிட்டார். மழை நின்று பத்துப் பதினைந்து நாள் வெயில் அடித்தது, அவ்வளவுதான். முழங்கால் உயரத்தில் நுனி சிவந்தது, அப்புறம் தாள் மடங்கியது. ஒரு பயிரைப் பிடுங்கிப் பார்த்தேன். வேர் ஒரு சாண் கீழே போயிருக்கிறது, சரளையில் முட்டியிருக்கிறது, போக வழியில்லாமல் பாய் மாதிரிப் பக்கவாட்டில் படர்ந்து பின்னிக் கிடக்கிறது. ஈரம் இருந்தவரை பிழைத்தது, ஈரம் போனதும் குடிக்க ஆழத்தில் ஒன்றுமில்லை. மறு வருஷம் நெருஞ்சியும் அருகும் வந்தது. அதற்கு மறு வருஷம் நெருஞ்சி மட்டும்.

ஆனால் அந்தக் காட்டில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கம்பு ஆள் உயரத்துக்கு நின்றது. எங்கே தெரியுமா? குவியல் கிடந்த இடத்தில். கடைசி வண்டிகளுக்கு வரும்போது அது யார் பங்கில் சேரும் என்று சண்டை வந்து, பேசி முடியாமல், அடிக்குவியலை அப்படியே விட்டுவிட்டு இரண்டு பேரும் போய்விட்டார்கள். யாருக்கும் இல்லாத மண். இடுப்பளவு ஆழம். அங்கே விதைத்ததுகூட யாரும் இல்லை, பறவை போட்டதோ காற்றில் சிதறியதோ. அந்தக் கம்பு கதிர் வாங்கியது. அப்புறம் ஆமணக்கு வந்தது, வேம்பு வந்தது. சித்தப்பா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் வந்து, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு முதல் பேச்சாக, “அண்ணே, எல்லாத்தையும் ஒங்க பக்கம் கொட்டியிருந்தாலும் நானும் ஒரு மூடை வாங்கித் தின்னிருப்பேன்” என்று சொன்னார். அப்பா, “ஒன் பக்கம் கொட்டியிருந்தா நான் தின்னிருப்பேன்டா” என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். அழுது என்ன செய்ய? பரப்பிய மண்ணை மறுபடியும் வழித்துக் குவிக்க முடியுமா, சரளையோடு கலந்துபோனதே.

இப்போது கீழ்க்காட்டுக் குவியலுக்கு வருகிறேன். நான் நடந்து நடந்து பார்த்துவிட்டேன். இதை இரண்டு பக்கமும் பரப்பினால் உனக்கு ஒரு சாண், அவனுக்கு ஒரு சாண். சுக்கான்மேல் ஒரு சாண் மண்ணில் என்ன வரும் என்று உனக்கு இப்போது தெரியும். ஒரு பக்கமாகப் போட்டால் முழங்காலுக்கு மேலே நிற்கும். சோளம் போடலாம், உளுந்து போடலாம், இரண்டு வருஷம் தழையை மடக்கி உழுதால் வாழைகூட நிற்கும். மற்ற பக்கத்தை அப்படியே விட்டுவிடுவதாக நான் சொல்லவில்லை. கோடையில் கண்மாய் வற்றும்போது வண்டல் மண்ணை அள்ளி வந்து அடிக்கலாம். வருஷத்துக்குக் கொஞ்சமாக அடித்தால் அதுவும் ஏறிவிடும். இந்த வருஷத்துக்கு ஒரு பக்கம். அது பாண்டி பக்கமாக இருக்கட்டும் என்று கேட்கிறேன். அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. அடுத்தவர்கள் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குக் கத்தரித்துக்கொண்டிருக்கிறான். அவன் பெண்டாட்டி ராசாத்தி கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, “குமுளிப் பக்கம் ஏலத்தோட்டத்துல குடும்பத்தோட ஆள் எடுக்குறாகளாம், வீடும் குடுக்குறாகளாம்” என்று அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்கிறாள். அவளைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவளும் எத்தனை நாள் பார்ப்பாள்.

சரிபாதி என்று நீ சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. சொல்லக் கூடாது என்று இத்தனை வருஷம் வைத்திருந்தேன், இன்றைக்குச் சொல்கிறேன். நீ ஐடிஐ படிக்கப் போனபோது பாண்டி என்ன செய்தான்? எட்டாவதோடு நின்றான். அவனுக்கும் படிப்பு வந்தது, உன்னைவிட நன்றாகவே கணக்குப் போடுவான். வீட்டில் இருந்தது ஒருத்தன் படிக்கத்தான் காணும். அப்பா இரண்டு நாள் யோசித்தார். இரண்டு பேரையும் பத்தாவதோடு நிறுத்திவிடலாமா, ஒருத்தனைக் கரையேற்றி விடலாமா என்று. பாண்டியே வந்து, “அண்ணே போகட்டும்ப்பா, நான் மாட்டப் பாத்துக்கிறேன்” என்றான். அன்றைக்கு அவன் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தால் நீ இன்றைக்கு மில்லில் பிட்டர் கிடையாது. இங்கே இரண்டு பேருமாகத் திராட்சை கத்தரித்துக்கொண்டிருப்பீர்கள். எங்களிடம் இருந்ததை எல்லாம் உன் பக்கமே கொட்டினோம், நீ வேர் பிடித்தாய். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். ஆனால் அதை மறந்துவிட்டு ஒரு குவியல் மண்ணின்மேல் ஏறி நின்று கணக்குப் பேசினாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு கார்டு போடு. “அண்ணன் சொல்கிறேன், அள்ளிப் போட்டுக்கொள்” என்று அவனுக்கு ஒரே ஒரு வரி. மழைக்கு முன்னால் வந்து சேரட்டும்.

மேலே எழுதியதை மடித்து வைத்துவிட்டுத் தபாலில் சேர்க்காமல் போடிக்குப் போய்விட்டேன். உன் பெரியம்மாவுக்குக் காய்ச்சல் அதிகம் என்று ஆள் வந்தது. அங்கே இருந்தாலும் என் மனசெல்லாம் ஓடைக்கரையில்தான். அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். “ஏத்தா, என்னயப் பாக்க வந்தியா, மேகத்தப் பாக்க வந்தியா?” என்று அவள் படுத்த வாக்கில் என்னைத் திட்டினாள். அவளுக்குக் கொஞ்சம் தெளிந்ததும் பஸ் ஏறிவிட்டேன். ஊரில் இறங்கி வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே காட்டுக்குப் போனேன். குவியலைக் காணோம்.

எனக்கு உயிரே போய்விட்டது. மழையும் பெய்யவில்லை, ஓடையும் வறண்டுதான் கிடக்கிறது, மண் எங்கே? அப்புறம்தான் பள்ளத்தைப் பார்த்தேன். நீ போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு மேற்கே, உன் பக்கம், முழங்காலுக்கு மேலே மண் நிற்கிறது. கிழக்கே வெறும் சுக்கான். ஒரு கூடை மண்கூட அந்தப் பக்கம் சிந்தவில்லை. கோட்டோரம் விளக்குமாற்றால் கூட்டித் தள்ளியிருந்தார்கள். வண்டியை மண்மேல் ஏற்றாமல் வெளிக்கரையிலேயே நிறுத்தி, கூடை கூடையாகச் சுமந்து கொட்டியிருக்கிறான் பாண்டி, சக்கரம் ஏறினால் அமுங்கிவிடும் என்று. குவியலின் உள்மண்ணை அடியில் போட்டு, உயிருள்ள மேல்மண்ணை மேலே போட்டு, மட்டம் பார்த்து ஓர் உழவும் ஓட்டியிருந்தான். நான் இல்லாத நேரம் பார்த்து, புருஷனும் பெண்டாட்டியும், இரவல் வண்டியை வைத்துக்கொண்டு.

அவன் ஓடை மணலில் தோண்டிய ஊற்றுத் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். “ஏலே, என்னடா பண்ணி வச்சிருக்க?” என்று கத்தினேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. “ஊரு கேக்கச் சரிபாதி சரிபாதின்னு பேசிட்டுப் போனாகல்ல. பாதி எதுக்கு ஆத்தா, முழுசா வச்சுக்கிறட்டும். நாளைக்கு அவுக புள்ள வந்து கேட்டா ஒருத்தரும் முழிக்க வேண்டாம்.” நீ சொன்ன அதே வார்த்தை. ஆவணியில் சொன்னதை அப்படியே வைத்திருந்திருக்கிறான். “அப்ப ஒனக்கு?” என்றேன். “எனக்கு அங்கன குமுளியில வேல பேசியாச்சு” என்றான். ராசாத்தி கைக்குழந்தையோடு வரப்பில் உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். “நான் எம்புட்டோ சொன்னேன் அத்தை. பாதியாச்சும் நம்ம பக்கம் போடுங்கன்னு கால்ல விழாத கொறையாச் சொன்னேன். சாமியாடுற ஆளுகிட்டப் பேசுற மாதிரித்தான்” என்று அழுதாள். அவன் செய்தது பாசமா, வீம்பா, எனக்குத் தெரியவில்லை. பெற்றவள் எனக்கே தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும்.

மறுநாள் காலை பஸ்ஸில் மூன்று பேரும் போய்விட்டார்கள். போகும்போது பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று மட்டும் சொன்னான். “மழ பேஞ்சதும் ஒடனே மிதிச்சுப்புடாதீக. தண்ணி வடியட்டும், பதம் பாத்து வெதைக்கச் சொல்லுங்க அண்ணன.” விதைக்கச் சொல்லுங்க அண்ணன என்கிறான்! நீ எப்போது கலப்பையைத் தொட்டாய்?

அன்றைக்குச் சாயங்காலம் மழை இறங்கியது. இந்த ஐப்பசியின் முதல் மழை, நன்றாகவே இறங்கியது. குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் போய் நின்றேன். உன் பக்கம் பெய்ததெல்லாம் மண்ணுக்குள் போயிற்று, ஒரு சொட்டு வெளியே ஓடவில்லை. அவன் பக்கம் பெய்தது சுக்கான்மேல் குட்டையாகத் தேங்கி நிற்கிறது. இன்றைக்கு வெயில் வந்துவிட்டது. உன் மண்ணில் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கை வரை போகிறது, அடிவரை ஈரம். இப்படி ஒரு மண்ணை இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் பார்த்ததில்லை. விதைக்க ஒரு கை இல்லை. உட்கார்ந்தால் எழ வேண்டும் போலிருக்கிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை.

ஆகையால் கார்டு வேண்டாம். மேலே கேட்ட ஒரு வரியும் வேண்டாம், அதற்கெல்லாம் காலம் போய்விட்டது. இதைப் படித்ததும் மில்லில் லீவு சொல்லிவிட்டுப் புறப்படு. தேனியில் இறங்கிக் குமுளி பஸ் ஏறு. வழியில் நம் ஊரில் பஸ் நிற்கும், நான் ரோட்டோரம் நின்றுகொண்டிருந்தாலும் நீ இறங்காதே. டேப்பும் கயிறும் கொண்டு வராதே. நேரே மலையேறிப் போய், ஏலத்தோட்டத்தில் கேட்டு விசாரித்து, அவன் வாசலில் நில். அவன் உள்ளே வா என்று சொல்ல மாட்டான், வாயில் வந்ததைப் பேசுவான். நீ மூத்தவன் என்பதை மறந்துவிட்டு நின்று கேட்டுக்கொள். ராசாத்தியிடம், விளைவது இரண்டு வீட்டுக்கும் பொது என்று நீயே உன் வாயால் சொல். குழந்தையை நீ தூக்கிக்கொண்டு, அவர்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு இறங்கி வா. மண் இன்னும் நாலைந்து நாளைக்குப் பதமாக இருக்கும்.

அவன் இல்லாமல் நீ மட்டும் தனியாக வந்து இறங்கினால், பெற்ற பிள்ளை, சோறு போடுவேன். விதையைத் தொட விடமாட்டேன்.

உன் ஆத்தா